12.6 காட்டுது, ஆனா ஹீட்டர் ஓடல

போன நவம்பர்ல க்ளென்கோ பக்கம் போயிருந்தோம். நாங்க இருக்குறது இங்கிலாந்துல, லீட்ஸ்ல. வண்டி 2008 மாடல் மோட்டார்ஹோம், நாலு பேர் படுக்கலாம், மூணாவது கையா வாங்குனது. அந்த மாசத்துல ஸ்காட்லாந்துல சாயங்காலம் நாலு, நாலரைக்கெல்லாம் இருட்டிரும், நாங்க சாப்பிட உக்காந்தப்ப வெளிய 2 டிகிரி. டீசல் ஹீட்டரைப் போட்டேன், ஃபேன் மெதுவா சுத்த ஆரம்பிச்சுச்சு, சரி இப்ப பத்திக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குனு நின்னுருச்சு. ஸ்க்ரீன்ல எரர் கோடு. திரும்பப் போட்டேன், அதே கதை. மூணாவது தடவைக்குள்ள சின்னவ ஜாக்கெட்டோடயே ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போயிட்டா. வைஃப் ஒண்ணுமே சொல்லல, எனக்கு அதான் பயமா இருந்துச்சு.

கதவுக்கு மேல இருக்குற பேனல்ல பேட்டரி 12.6 வோல்ட்னு காட்டுது. லெட் ஆசிட் பேட்டரி ஃபுல்லா சார்ஜ் ஆகி கொஞ்ச நேரம் சும்மா இருந்தா 12.7 கிட்ட நிக்கும், 12.2ன்னா பாதி, 12க்கு கீழ போனா கிட்டத்தட்ட காலி. அப்ப 12.6ங்கிறது நல்ல நம்பர்தானே. ஆனா குழாயைத் தொறந்தா தண்ணி பம்ப் கொர்ர்னு இழுக்குது, பம்ப் ஓடும்போதெல்லாம் லைட்டு மங்குது. அன்னைக்கு ராத்திரி எல்லாரும் ஒரே கட்டில்ல கட்டிப் புடிச்சுத் தூங்குனோம்.

வீட்டுக்கு வந்ததும் நான் செஞ்சது எல்லாரும் செய்யறதுதான். பேட்டரிக்கு வயசு அஞ்சு ஆச்சு, போயிருச்சுன்னு முடிவு பண்ணி புதுசா ரெண்டு 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) ஏஜிஎம், அதாவது மூடி தொறக்க வேண்டாத லெட் ஆசிட் பேட்டரி வாங்குனேன், கிட்டத்தட்ட 280 பவுண்டு. மாட்டி, ராத்திரி முழுக்க கரண்ட்ல சார்ஜ் போட்டு, காலையில ஹீட்டரைத் தட்டுனா குபீர்னு பத்திக்கிச்சு. ஆஹா, நம்மளும் மெக்கானிக்தான்யான்னு நெஞ்சை நிமித்திக்கிட்டு, ரெண்டு வாரம் கழிச்சு லேக் டிஸ்ட்ரிக்ட் போனோம். முதல் நாள் ராத்திரி ஓடுச்சு. ரெண்டாவது நாள் அதே எரர் கோடு.

மதுரையில எங்க சித்தப்பா முப்பது வருஷமா பேட்டரி கடை வச்சிருந்தவர். லாரி பேட்டரி வந்தா மூடியைக் கழட்டி, கண்ணாடிக் குழாய்ல ஆசிட்ட உறிஞ்சி கிராவிட்டி, அதாவது ஆசிட்டோட அடர்த்தி பாப்பார், 1250 இருக்கு, 1180தான் இருக்குன்னு சாக்பீஸால பேட்டரி மேலயே எழுதி வைப்பார். அதுக்கப்புறம் ரெண்டு முள்ளு வச்ச டெஸ்டர் ஒண்ண டெர்மினல்ல அழுத்துவார், நடுவுல இருக்குற கம்பி சூடாகி நாத்தம் வரும், முள் எங்க நிக்குதுன்னு பாப்பார். சின்ன வயசுல எனக்கு அது ஏதோ மந்திர வேலை மாதிரி இருக்கும். அவருக்கு போன் போட்டு மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். முழுசாக் கேட்டுட்டு, "டேய், லோடு போட்டுப் பாத்தியா?"ன்னார்.

"பேனல்ல 12.6 காட்டுது சித்தப்பா."

"பேனல் கிடக்கட்டும்டா. ஹீட்டர்கிட்ட எவ்வளவு இருக்கு? அது ஓடும்போது?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல. 280 பவுண்டு செலவு பண்ணவன் மல்டிமீட்டரைக் கையில எடுக்கவே இல்ல. மீட்டர் 20 பவுண்டு.

டீசல் ஹீட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்போது பெருசா கரண்ட் இழுக்காது, ஒண்ணு ரெண்டு ஆம்பியர்தான். ஆனா ஸ்டார்ட் ஆகும்போது உள்ள டீசலைப் பத்த வைக்கிற க்ளோ பிளக் சூடாகணும், அதுக்கு முதல் ரெண்டு மூணு நிமிஷம் 8, 10 ஆம்பியர் வேணும். அந்த நேரத்துல ஹீட்டருக்கு வர்ற வோல்ட்டேஜ் 10.5 கிட்ட கீழ போச்சுன்னா அதுவே பேட்டரி காலின்னு நினைச்சு ஆஃப் ஆயிரும். அதனால மத்ததெல்லாம் ஓடி ஹீட்டர் மட்டும் ஓடலைன்னா ஹீட்டர் மேல உடனே பழி போடாதீங்க, வண்டியில முதல்ல கத்துறது எப்பவும் அதுதான்.

பேட்டரி சீட்டுக்கு அடியில, சீட்டைத் தூக்கிட்டு உக்காந்தேன், பெரியவன் ஹீட்டர் பட்டன் டூட்டி. சும்மா இருக்கும்போது பேட்டரி டெர்மினல்ல 12.7. ஹீட்டரைப் போடுறா ன்னேன், 12.4க்கு இறங்குச்சு, 9 ஆம்பியர் போகும்போது அது சாதாரணம். அடுத்து ஹீட்டருக்கு வயர் வந்து சேர்ற கனெக்டரோட பின்பக்கம் மீட்டர் முள்ள சொருகுனேன். 10.3.

பேட்டரியில 12.4, நாலு மீட்டர் தள்ளி 10.3. நடுவுல 2.1 வோல்ட்ட எவனோ தின்னுட்டான். பேனல்ல ஏன் தெரியலைன்னா, அதுக்கு தலைமுடி மாதிரி ஒரு தனி வயர் நேரா பேட்டரி டெர்மினல்ல இருந்து போகுது, அது பேட்டரியை மட்டும்தான் பாக்கும், வழியில நடக்குற திருட்டு அதுக்குத் தெரியாது.

திருடனைப் புடிக்கிற முறை ரொம்ப சுலபம், இதைத்தான் எல்லாரும் கத்துக்கணும்னு சொல்லுவேன். மீட்டர டிசி வோல்ட்ல வச்சு, ஒரு முள்ள பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ண ஹீட்டரோட மைனஸ்லயும் வைங்க, ஹீட்டரு ஓடணும், ஓடலைன்னா எல்லாமே பூஜ்யம் காட்டி உங்களை ஏமாத்தும். எர்த், அதாவது மைனஸ் பக்க வயரிங், நல்லா இருந்தா 0.1, 0.2க்குள்ள இருக்கும். எனக்கு 0.1. அப்ப எர்த் சுத்தம். அடுத்து ப்ளஸ் பக்கம், பேட்டரி ப்ளஸ்ல ஒரு முள்ள வச்சுக்கிட்டு இன்னொரு முள்ளக் கையில புடிச்சு, ஹீட்டருக்கு வயர் போற வழியிலயே தொட்டுத் தொட்டு நடக்கணும். ஃப்யூஸுக்கு முன்னாடி 0. ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம் 1.8.

பேட்டரிகிட்ட ஒரு 40 ஆம்பியர் பிளேடு ஃப்யூஸ், கறுப்பு ரப்பர் மூடி போட்ட ஹோல்டர்ல. மூடியை இழுத்தா வரல, உருகி ஒட்டியிருந்துச்சு. பிளேயர் வச்சு புடுங்குனதும் எரிஞ்ச ப்ளாஸ்டிக் வாசம் அடிச்சுது. ஃப்யூஸோட ஒரு கால் வெள்ளி மாதிரி பளபளன்னு இருக்கு, இன்னொரு கால் நீலமும் பழுப்புமா, கூலிங் கிளாஸ் கலர்ல. அதைக் கவ்விப் புடிக்க வேண்டிய தகடு சூட்டுல இளகி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, ஃப்யூஸ் சும்மா சாஞ்சுக்கிட்டு இருந்திருக்கு.

இதுல வேடிக்கை என்னன்னா ஃப்யூஸ் போகவே இல்ல. மீட்டர பீப் மோடுல வச்சுப் பாத்தா ஜோரா பீப் அடிக்குது, ஏன்னா அந்த மோடுல மீட்டர் அனுப்புறது மில்லி ஆம்பியர் கணக்கு, அதுக்கு இந்த ஓட்டை உடைசல் கான்டாக்டே தாராளம். 9 ஆம்பியருக்கு 1.8 வோல்ட்னா அங்க 0.2 ஓம் தடை உக்காந்திருக்கு, 16 வாட்டுக்கு மேல சூடு, ஒரு சின்ன சால்டரிங் அயர்ன சீட்டுக்கு அடியில ஆன் பண்ணி வச்ச மாதிரி. எங்க பசங்க அந்த சீட்டு மேலதான் தூங்குவாங்க. 40 ஆம்பியர் ஃப்யூஸ் 9 ஆம்பியருக்கு எதுக்குப் போகணும், அது பாட்டுக்கு இருக்கும், பக்கத்துல இருக்குற ப்ளாஸ்டிக்தான் வேகும்.

புது பேட்டரி ஏன் முதல்ல ஓட்டுச்சுங்கிறதும் அப்பதான் புரிஞ்சுது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதால லோடுலயும் 12.9, 13 நின்னிருக்கும், 2.1 போனாலும் ஹீட்டருக்கு 10.8. கரெக்டா அந்த 10.5 கோட்டுக்கு மேல. ஒரு நாள் உபயோகிச்சதும் கோட்டுக்கு கீழ. இதே வேலையை பழைய பேட்டரியும் செஞ்சிருக்கும்!

இன்னொரு விஷயம். ரொம்ப நாளா எனக்கு ஒரு சந்தேகம், நாலு மணி நேரம் ஓட்டிட்டு வந்தாலும் வீட்டு பேட்டரி (எஞ்சினுக்கு இல்லாம, உள்ள ஹீட்டர் லைட்டுக்குன்னு இருக்குற இந்த பேட்டரி) நிரம்பல. எஞ்சின்ல கரண்ட் உண்டாக்குற ஆல்டர்னேட்டர் சரியில்ல, அந்த கரண்ட்ட வீட்டு பேட்டரிக்குத் திருப்பி விடுற ஸ்ப்ளிட் சார்ஜ் ரிலே சரியில்லன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க, ஒரு கராஜ்ல ரிலேவை மாத்தி காசும் வாங்கிட்டாங்க. என் வண்டியில சார்ஜ் உள்ள வர்றதும், ஹீட்டர் பம்ப் லைட்டுக்கு கரண்ட் வெளிய போறதும் அதே ஃப்யூஸ் வழியாத்தான். எஞ்சின் ஓடும்போது ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம் 14.2, பேட்டரியில 13.0. வயரைச் சுத்திக் கவ்வி கரண்ட் பாக்குற கிளாம்ப் மீட்டர்ல 6 ஆம்பியர்தான் உள்ள போகுது. 0.2 ஓம்ல 6 ஆம்பியர்னா 1.2 வோல்ட், கணக்கு அச்சு பிசகாம டேலி ஆகுது. ஒரே கோளாறு, ரெண்டு முகம்.

ஆனா உங்க வண்டி கொஞ்சம் புதுசுன்னா இதே அறிகுறிக்கு வேற காரணம் இருக்கலாம், யூரோ 6ங்கிற புகை விதிக்கு ஏத்த வண்டிகள்ல பெரும்பாலும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர், டீசல் மிச்சம் பண்றதுக்காக அதுவே வோல்ட்டேஜ 12.5 பக்கம் இறக்கிக்கும், அதுக்கு வெறும் ரிலே பத்தாது, வோல்ட்டேஜ ஏத்திக் குடுக்குற டிசி டு டிசி சார்ஜர் வேணும்.

ஹோல்டரைத் தூக்கிப் போட்டுட்டு போல்ட் போட்டு இறுக்குற டைப் ஃப்யூஸ் மாட்டுனேன். கருகுன வயரை செம்பு பளிச்சுனு தெரியற வரைக்கும் வெட்டி, வயர் நுனியில மாட்டுற புது லக் வச்சு, பிரெண்டுகிட்ட அதை அழுத்துற ஹைட்ராலிக் கிரிம்பர் வாங்கி அழுத்துனேன். லக்க சுத்தியலால தட்டுறவங்க, பிளேயரால நசுக்குறவங்க தயவுசெய்து வேண்டாம், அடுத்த 0.2 ஓம் அங்கதான் பொறக்கும். அப்புறம் மைனஸை முதல்ல கழட்டுங்க, கடைசில மாட்டுங்க. இப்ப ஃப்யூஸுக்கு குறுக்க 0.06, ஹீட்டர்ல 12.0. எஞ்சின் ஸ்டார்ட் பண்ணா 20 ஆம்பியருக்கு மேல உள்ள பாயுது.

பக்கத்து வண்டிக்காரர் லித்தியம் போட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு அன்னைக்கே சொன்னார். நல்ல பேட்டரிதான், இல்லைன்னு சொல்லல, ஆனா 0 டிகிரிக்கு கீழ அதை சார்ஜ் பண்ணக் கூடாது, பேட்டரிக்குள்ளயே இருக்குற பாதுகாப்பு சர்க்யூட் (பிஎம்எஸ்) கட் பண்ணிரும், எங்களை மாதிரி குளிர்ல சுத்துறவங்களுக்கு ஹீட்டிங் வச்ச மாடல் பாக்கணும். அதை விட முக்கியமா, லித்தியம் கரண்ட்ட லெட் ஆசிட்டை விட அதிகமா உறிஞ்சும், அந்த ஹோல்டரோட லித்தியம் மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே வயித்தக் கலக்குது.

230 வோல்ட் பக்கம் நான் கை வைக்கிறதில்ல, அதுக்கு தகுதி உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவேன். கேம்ப் சைட்ல 10 ஆம்பியர் கரண்ட் பாயின்ட்னா மொத்தமே 2300 வாட், வீட்டு கெட்டிலே 3000 வாட், அதை வச்சுட்டு ட்ரிப் ஆகுது ட்ரிப் ஆகுதுன்னு வார்டனைத் திட்டிப் புண்ணியமில்ல. வைஃப் ஒரு தடவை இன்வெர்ட்டர்ல 700 வாட் ரைஸ் குக்கரைப் போட்டுட்டா. பேட்டரியில இருந்து 65 ஆம்பியர் கிட்ட இழுத்திருக்கும். சாதம் பாதி வெந்துச்சு.

பழைய பேட்டரில ஒண்ணு இன்னும் ஷெட்லதான் கிடந்துச்சு, ஸ்கிராப்புக்கு போடல. மெதுவா சார்ஜ் ஏத்தி ஒரு நாள் விட்டுட்டு, ஹெட்லைட் பல்பு ஒண்ணை மாட்டி ஒம்பது மணி நேரம் எரிய விட்டேன், 12.1ல நின்னுச்சு. நல்லாத்தான் இருக்கு. சித்தப்பாகிட்ட சொன்னேன், சிரிச்சுட்டு, "இன்னொண்ணு எங்கடா?"ன்னார். இன்னொண்ண சும்மா குடுத்துட்டேன்னு சொல்ல வாய் வரல.

இப்ப வண்டியோட மடக்குப் படி மக்கர் பண்ணுது, பட்டனை ரெண்டு தடவை அமுக்குனா ஒரு தடவைதான் வெளிய வருது. புது மோட்டார் 150 பவுண்டாம். சனிக்கிழமை மழை இல்லைன்னா மீட்டரோட அடியில படுக்கணும்.