‘குரூட்’ என்றால் யாரோ செய்தது என்று பொருள்

மற்றவர்கள் எழுதும் ஆங்கிலத்தைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. பொறியாளர்களின் அறிக்கை, ஆய்வாளர்களின் கட்டுரை, யாராவது யாருக்காவது எழுதும் பரிந்துரைக் கடிதம் என்று எல்லாம் என் மேசைக்கு வரும். கால் புள்ளி, ஒருமை பன்மை எல்லாம் கை தானாகவே திருத்திவிடும். என்னை நிறுத்தி யோசிக்க வைப்பவை சின்னச் சின்னப் பெயரடைகள். அவற்றில் ‘குரூட்’டுக்குத்தான் (crude) முதலிடம்.

அகராதியைத் திறந்தால் ‘பண்படாத, செப்பமற்ற, கச்சா’ என்று போட்டிருக்கும். மூன்றும் சரிதான். அதை நம்பி எழுதினால்தான் வம்பு. ஒரு பேராசிரியர் தன் மாணவரைப் பற்றி எழுதிய பரிந்துரைக் கடிதத்தில் ‘குரூட் டாலண்ட்’ என்று இருந்தது. திறமை இருக்கிறது, இனிமேல்தான் பட்டை தீட்ட வேண்டும் என்பது அவர் சொல்ல வந்தது. மனம் நிறைந்து எழுதிய கடிதம், மற்ற வரிகளைப் படித்தாலே தெரியும். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பார்க்கும் ஆங்கிலக்காரருக்கு ‘மட்டமான திறமை’ என்று படும். அங்கே இருக்க வேண்டியது ‘ரா டாலண்ட்’ (raw talent).

இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி இது. ‘ரா’ என்றால் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. ‘குரூட்’ என்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள், ஆனால் சரியாகச் செய்யவில்லை. ‘குரூட்’ ஒட்டிக்கொள்ளும் சொற்களைப் பாருங்கள்: ஓவியம், கருவி, குடிசை, வெடிகுண்டு, போலிக் கையெழுத்து, நகைச்சுவைத் துணுக்கு. எல்லாவற்றுக்கும் பின்னால் செய்தவர் ஒருவர் இருக்கிறார். ‘ரா’ ஒட்டிக்கொள்பவை பருத்தி, பட்டு, பால், இறைச்சி, தரவு. அங்கே குறை சொல்ல ஆளே இல்லை. அதனால்தான் ‘ரா டேட்டா’ என்றால் யாருக்கும் கோபம் வராது, ‘குரூட் அனாலிசிஸ்’ என்றால் அந்த ஆய்வைச் செய்தவர் முகம் சுருங்கிவிடும்.

‘ரஃப்’ (rough) என்று இன்னொன்று இருக்கிறது. தோராயக் கணக்கை ‘ரஃப் எஸ்டிமேட்’ என்றால், விடை கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்று மட்டுமே பொருள். அதையே ‘குரூட் எஸ்டிமேட்’ என்றால் கணக்குப் போட்ட முறையே மோட்டாவானது, பல விஷயங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டது என்று பொருள். என் கணக்கை நானே அப்படிச் சொன்னால் அது நேர்மை. என் கீழ் வேலை பார்ப்பவரின் கணக்கை அப்படிச் சொன்னால் அது தீர்ப்பு. மேலதிகாரி ஒருவர் ‘யுவர் எஸ்டிமேட் இஸ் குரூட், பட் ஃபைன்’ என்று ஓரத்தில் குறித்திருந்தார். ‘ஃபைன்’ என்று சொல்லியும் அந்த இளைஞர் அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. ‘ரஃப்’ என்று போட்டிருந்தால் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

இதற்கெல்லாம் விதிவிலக்காக ஒரு பெரிய கூட்டம் உண்டு. தொழிலிலும் அறிவியலிலும் ‘குரூட்’ திட்டும் சொல்லே அல்ல, அங்கே அது வெறும் பெயர். கச்சா எண்ணெயை ‘குரூட் ஆயில்’ என்பார்களே தவிர ‘ரா ஆயில்’ என்று சொல்வதில்லை. ‘குரூட் ஸ்டீல்’ என்றால் மட்டமான எஃகு அல்ல. உருக்கி வார்த்ததும் முதன்முதலில் கெட்டியாகும் நிலையில் உள்ள எஃகு. நாடுகளின் எஃகு உற்பத்தியை ஒப்பிடும்போது அந்தக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் வரும் ‘குரூட் டெத் ரேட்’டும் இப்படித்தான். ஓர் ஆண்டில் நடந்த இறப்புகளை அந்த ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்து 1000-ஆல் பெருக்குவது, அவ்வளவுதான். வயதுக்கு ஏற்றபடி எந்தத் திருத்தமும் கிடையாது; அந்தத் திருத்தமின்மையைத்தான் ‘குரூட்’ சொல்கிறது. அதை மறந்துவிட்டுப் படித்தால் வேடிக்கையான முடிவுக்கு வருவீர்கள். ஜப்பானில் இந்த விகிதம் 1000-க்கு 10-ஐத் தாண்டும். கத்தாரில் அதில் பாதிகூட வராது. ஜப்பானியர்கள் நோயாளிகள் என்பதா இதற்கு அர்த்தம்? அங்கே முதியவர்கள் அதிகம், கத்தாரில் வேலைக்காகப் போன உழைக்கும் வயதினர் அதிகம். ஒரு கட்டுரையில் ‘குரூட்’ மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று அந்தச் சொல்லையே எடுத்துவிட்டு வெறும் ‘டெத் ரேட்’ என்று மாற்றியிருந்தார்கள். நான் திரும்ப வைத்தேன். அங்கே அந்தச் சொல்தான் வாசகருக்கு எச்சரிக்கை.

எனக்கு மிகப் பிடித்த உதாரணம் ‘குரூட் புரோட்டீன்’. கால்நடைத் தீவன மூட்டையிலும் நாய் உணவுப் பையிலும் இதைப் பார்க்கலாம். தரம் குறைந்த புரதம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அங்கே யாரும் புரதத்தை அளக்கவே இல்லை. டென்மார்க் வேதியியலாளர் யோகான் கெல்டால் 1883-இல் கொடுத்த முறைப்படி நைட்ரஜனை அளக்கிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டு, கிடைத்த எண்ணைப் பெரும்பாலும் 6.25-ஆல் பெருக்குகிறார்கள். நைட்ரஜன் எதிலிருந்து வந்தது என்று இந்த முறை கேட்காது. 2008-இல் சீனாவில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற பிளாஸ்டிக் தயாரிப்பு வேதிப்பொருளைச் சேர்த்தவர்கள் பயன்படுத்திக்கொண்டது இந்த ஓட்டையைத்தான். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் போதுமான அளவு காட்டியது, குழந்தைகளுக்குச் சிறுநீரகக் கல் வந்தது. பாதிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 3 லட்சம். ‘குரூட்’ என்ற பெயரடை எவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை. ‘இது புரதத்தின் அளவல்ல, புரதம் என்று நாங்கள் அனுமானிக்கும் அளவு’ என்பதை அது ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறது.

ஆக, அடுத்து வரும் பெயர்ச்சொல் ஒரு துறையின் கலைச்சொல்லா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் தொடாதீர்கள். இல்லை என்றால் அதைச் செய்தவர் யார், அவர் இதைப் படிப்பாரா என்று பாருங்கள்.

மனிதர்களுக்கு அடைமொழியாக வரும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘ஹி இஸ் எ குரூட் மேன்’ என்று எழுதுபவர்களில் பலர் படிப்பு வாசனை இல்லாதவர், நாசூக்குத் தெரியாதவர் என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் அது ஆபாசமாகப் பேசுபவர் என்ற பக்கம் போய்விடும். கரடுமுரடானவர், ஆனால் நல்லவர் என்று சொல்ல வேண்டுமென்றால் ‘ரஃப் அரவுண்ட் தி எட்ஜஸ்’ இருக்கிறது. ‘ரூட்’ (rude) வேறு. வரிசையில் முந்திப்போனால் ‘ரூட்’. அங்கே நின்றுகொண்டே கேட்கக் கூசும் துணுக்கைச் சொன்னால் ‘குரூட்’. (நம் எழுத்தில் எழுதினால் மரியாதைக் குறைவும் ‘ரூட்’, மரத்தின் வேரும் ‘ரூட்’, பேருந்துத் தடமும் ‘ரூட்’. ‘குரூட்’டின் கடைசி ஒலி ‘வண்டி’யில் வரும் டகரம், ‘பட்டு’வில் வருவது அல்ல. வாயால் சொல்லும்போது இது முக்கியம்.)

நமக்கு இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று யோசித்திருக்கிறேன். ‘பச்சை’ என்ற சொல்தான் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பச்சைக் காய்கறி, பச்சைப் புண், பச்சையாகப் பேசுவது என்று எல்லாவற்றையும் நாம் ஒரே சொல்லில் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் காய்கறிக்கும் புண்ணுக்கும் ‘ரா’, பேச்சுக்கு மட்டும் ‘குரூட்’. பிறப்பில் இரண்டும் உறவுதான். ‘குரூட்’ லத்தீனிலிருந்து வந்தது, ‘ரா’ பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள் மொழியியலாளர்கள். கொடூரம் என்று பொருள்படும் ‘குரூயல்’கூட அந்த லத்தீன் சொல்லின் வழிவந்ததுதான். உறவு தெரிந்து என்ன, இன்று மூன்றும் தனித்தனிக் குடித்தனம்.

பாராட்டாக வரும் இடமும் ஒன்று உண்டு: ‘குரூட் பட் எஃபெக்டிவ்’. அழகாக இல்லை, ஆனால் வேலை நடக்கிறது என்பது பொருள். பொறியாளர்கள் இதை ஆசையாக எழுதுவார்கள், நானும் விட்டுவிடுவேன். ‘டு புட் இட் குரூட்லி’ என்று தொடங்குபவர்களிடம்தான் எனக்குத் தகராறு. அடுத்து மூடி மறைக்காமல் ஏதோ சொல்லப்போகிறார் என்று வாசகர் நிமிர்ந்து உட்காருவார். பின்னால் வருவது ‘செலவு எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியிருக்கலாம்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியமாக இருக்கும். அதை வெட்டிவிட்டு, எவ்வளவு கூடியது என்ற எண்ணைப் போடச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவேன்.