தீபாவளிக்கும் திருவருகைக் காலத்துக்கும் நடுவில்

2025 அக்டோபர் 25, சனி

தீபாவளி முடிந்து ஐந்து நாட்கள் ஆகின்றன. எதிர்வீட்டு அக்கா கொடுத்த முறுக்கு இன்னும் டப்பாவில் பாதி இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் நவம்பர் 30ஆம் நாள் தொடங்குகிறது. இடையில் கிடைக்கும் இந்த ஐந்து வாரங்களை ஆண்டு முழுவதும் நான் ஆவலோடு எதிர்பார்த்திருப்பேன். டிசம்பர் வந்துவிட்டால் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதியும் ஒரு விருந்தாளியும் வந்து சேர்ந்துவிடுவதால், கைவேலையை அதற்குரிய நிதானத்தோடு செய்து மகிழ்வதற்கு எனக்கு வாய்க்கும் காலம் இதுதான்.

இன்று கேக்குக்கான பழங்களை ஊறவைத்தேன். நான்கு ஆரஞ்சுப் பழங்களின் தோலை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, கசப்பு நீங்கும்வரை மூன்று முறை புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தேன். பிறகு சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த பாகில், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் வரை சிறு தீயில் வைத்தேன். அரைக் கிலோ உலர்திராட்சையையும் கால் கிலோ பேரீச்சையையும் அதனுடன் கலந்து, ரம் ஊற்றி ஜாடியை மூடினேன். பழச்சாற்றில் ஊறவைப்பவர்களும் உண்டு. ஆனால் நம் சிங்கப்பூர் வெக்கையில் அது சில நாட்களிலேயே புளித்துவிடும். வாரம் ஒருமுறை ஜாடியைத் தலைகீழாகத் திருப்பிவைக்க வேண்டும்.

அக்டோபர் 27, திங்கள்

இங்கிலாந்தின் லீட்ஸில் வாழும் அக்கா நேற்றிரவு தொலைபேசியில் அழைத்தார். அங்கே நேற்றுதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். இதுவரை நமக்கும் அவர்களுக்கும் ஏழு மணி நேர வேறுபாடு இருந்தது, இனி எட்டு. மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுவதால் வீட்டுக்குள்ளேயே ஏதாவது செய்யத் தோன்றுகிறது என்றார். தோட்டத்தில் பொறுக்கிய பைன் காய்களை அடுப்பின் மெல்லிய சூட்டில் வைத்து விரியச் செய்கிறாராம். உலர்ந்தால் அதன் செதில்கள் விரியும், ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும். போன ஆண்டு அவர் கொண்டுவந்து தந்த காய்கள் என் அலமாரியில் பாதி மூடியபடி கிடப்பதற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் இல்லை. ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. ஆயினும் இந்த வாரங்களில், பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து, இடி இடித்து, மாடத்தில் காய்ந்த துணிகளை எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே இழுக்கும்போது, வீட்டுக்குள் அடங்கியிருக்கும் அதே சுகம் எனக்கும் கிடைக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். காலையில் அப்பாவுக்காகப் பூசையில் வேண்டிக்கொண்டு, வீடு திரும்பியதும் அவர் செய்த கிறிஸ்துமஸ் குடிலைப் பரணிலிருந்து இறக்கினேன். இந்த ஆண்டு இதைச் செப்பனிடுவதே என் முதன்மையான வேலை.

அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் தச்சராக இருந்தவர். வேலையில் மிஞ்சிய தேக்குத் துண்டுகளை மேலாளரிடம் கேட்டு வாங்கி, ஓராண்டாகச் சேர்த்து இதைச் செய்தார். ஓர் ஆணிகூட அடிக்கவில்லை. தூண்களைக் குடைந்து மரமுளை இறக்கி இணைத்திருக்கிறார். கவிழ்த்துப் பார்த்தால் அடித்தட்டில், தச்சர்கள் காதில் செருகிவைக்கும் தட்டைப் பென்சிலால் "மார்கழி 1974" என்று எழுதியிருக்கும். பரணின் புழுக்கத்தில் பின்சுவரெங்கும் வெண்பூஞ்சை படர்ந்திருந்தது; கூரையில் வேய்ந்திருந்த ஈர்க்குகள் தொட்டாலே பொடிந்தன. பூஞ்சையை உலர்ந்த தூரிகையால் துடைத்துவிட்டு, முதலில் 120ஆம் எண் உப்புத்தாளாலும் பிறகு 220ஆம் எண்ணாலும் தேய்த்தேன். எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் தொடவில்லை. ஐம்பது ஆண்டுக் கருமைக்கு அடியிலிருந்து தேன் நிறத்தில் மரம் வெளிப்பட்டபோது, தேக்கின் எண்ணெய் மணம் அறை முழுவதும் பரவியது. அப்பாவின் சட்டையிலும் அந்த மணம் இருக்கும்.

நவம்பர் 7, வெள்ளி

குடிலுக்குச் சுவரில் தட்டு பொருத்த, இன்று விடுப்பு எடுத்தேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் சுவரைத் துளையிடும் ஓசைமிகுந்த வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரைதான் அனுமதி. மேல்மாடியில் கைக்குழந்தை இருப்பதால் முன்கூட்டியே சொல்லிவைத்தேன். "பரவாயில்லை அக்கா, பதினொரு மணிக்கு மேல செய்யுங்க, அப்ப பிள்ளை முழிச்சிருக்கும்" என்றார் அந்தப் பெண். நான்கு துளைகள், பத்து நிமிடத்தில் முடிந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

நேற்றுப் பூசிய வார்னிஷ் காயவில்லை. நான்கு மணி நேரத்தில் அடுத்த பூச்சு பூசலாம் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், நேற்றுப் பிற்பகல் முழுவதும் மழை கொட்டியதால் இன்று காலையிலும் விரலில் ஒட்டியது. காற்றே ஈரத்தைச் சுமந்திருக்கும்போது பூச்சிலுள்ள நீர் எங்கே போகும்? மின்விசிறியை வைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் இது இன்னும் கடினமாகிவிடும். பூச்சு வேலையை நவம்பரிலேயே முடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

கூரை வேய்ந்தாயிற்று. தேக்கா சந்தையில் வாங்கிய புது ஈர்க்குமாறு ஒன்றைப் பிரித்து, விரல் நீளத்துக்கு நறுக்கி, கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி வரிசையாக ஒட்டினேன். மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூட வேண்டும், ஊரில் ஓலை வேய்வதும் அப்படித்தான். மகன் தானாகவே வந்து உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் நறுக்கித் தந்தான். குடில் வைக்கும் வழக்கத்தை 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் தொடங்கியதைப் பற்றிச் சொன்னேன். அவர் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார் என்றதும், "நம்ம புளோக்ல விடமாட்டாங்கம்மா" என்றான்.

குடிலில் வைக்கும் சுரூபங்களில் இடையர் ஒருவருக்கு மட்டும் கை உடைந்திருந்தது. மாவுபோல் பிசைந்து ஒட்டும் எபாக்சியால் விரல்களை உருவாக்கி, ஊசிமுனையால் நகம் கீறினேன்.

நவம்பர் 29, சனி

நாளை திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. வாரம் ஒன்றாக ஏற்றும் திருவருகைக்கால வளையத்தில் மூன்று ஊதா மெழுகுவத்திகளையும் ஓர் இளஞ்சிவப்பு மெழுகுவத்தியையும் நிறுத்திவிட்டேன். கடைத்தொகுதிகளில் எப்போதோ மரங்களை நிறுத்திவிட்டார்கள். என் குடில் 24ஆம் தேதி இரவுவரை துணி மூடியே இருக்கும்.

குடிலின் முன் பசும்புல் வேண்டுமென்பதால், கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத் தென்னைநார்த்தூள் பரப்பிய தட்டில் 19ஆம் தேதி தூவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் முளைவிட்டது. இன்று, பத்தாம் நாள், சுண்டுவிரல் உயரத்துக்கு நிற்கிறது. சன்னலோரம் இருந்த பக்கம் அடர்த்தியாகவும், உள்பக்கம் வெளிறியும் வளர்ந்திருக்கிறது. ஆகவே டிசம்பர் 14ஆம் தேதி விதைத்து, தட்டை நாள்தோறும் திருப்பிவைக்க வேண்டும் என்று சமையலறை நாட்காட்டியில் குறித்துவைத்தேன்.