கோப்பை எட்டு விழுந்தால்

டாரோ என்ற குறிபார்க்கும் சீட்டுக்கட்டில் ‘கோப்பை எட்டு’ என்ற இந்தச் சீட்டைப் பார்த்ததும் ‘நஷ்டமா?’ என்று பதறுகிறார்கள். 1909-இல் வெளிவந்த கட்டுக்கு ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படத்தை நிதானமாகப் பாருங்கள். கீழே ஐந்து கோப்பை, மேலே மூன்று, மேல்வரிசையில் ஓர் இடைவெளி. ஒன்றுகூடக் கவிழவில்லை (கவிழ்வது கோப்பை ஐந்தில், பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்). சிவப்பு உடைக்காரர் கோலூன்றி, முதுகைக் காட்டி மலைப்பக்கம் நடக்கிறார். நன்றாக ஓடுவதைத்தான் விட்டுப் போகிறார், ஏதோ குறைவதால்.

சேலத்தில் கொலுசுப் பட்டறையை விட்டுவிட்டு ஏற்காடு போகலாமா என்று கேட்பவருக்கு இது ‘போ’ என்ற உத்தரவு இல்லை. மனசு ஏற்கெனவே கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். போய்ச் சேரும் இடம் படத்திலேயே இல்லை. அதற்கு இன்னொரு சீட்டு எடுக்கணும். ‘வாள் ஆறு’ என்ற சீட்டு வந்தால் துணையோடு கடக்கும் பயணம். கோப்பை எட்டே தலைகீழாக விழுந்தால் தயக்கம், அல்லது திரும்பி வருதல். எது என்பதைப் பக்கத்துச் சீட்டை வைத்துத்தான் சொல்லமுடியும்.