உருக்கு யாருடையது?

பவுண்டரி லேபில் ஸ்பெக்ட்ரோ (உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று காட்டும் கருவி) ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் ஐந்து நிமிடத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். "எஃகை உலகத்துக்குக் கொடுத்ததே நாமதான்" என்பார் ஒருவர். "பெஸ்ஸிமர் இல்லேன்னா தண்டவாளம் ஏது?" என்பார் இன்னொருவர். கொஞ்சம் படித்தவர், கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே சீனர்கள் இரும்பை உருக்கி வார்த்ததை எடுத்து வைப்பார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஒருவர் பேசுவது மூசையில், அதாவது மண் குடுவையில், எடுத்த உருக்கைப் பற்றி, ஒருவர் டன் கணக்கில் எடுக்கும் எஃகைப் பற்றி, ஒருவர் வார்ப்பிரும்பைப் பற்றி. இதைப் பிரிக்காமல் விவாதித்தால் குரல்தான் உயரும்.

நம் பக்கத்தில் நடந்தது என்ன என்று முதலில் சரியாகச் சொல்ல வேண்டும். களிமண்ணில் உமி கலந்து பிசைந்து மூசை செய்தார்கள். உமி கரியாகி, அந்தச் சூட்டில் மண் வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே தேனிரும்புத் (கார்பன் மிகக் குறைந்த இரும்பு) துண்டுகள், ஆவாரைக் கட்டைச் சிராய், மேலே எருக்கிலை போன்ற பச்சிலை. வாயை மண்ணால் பூசி அடைத்து, பல மூசைகளை ஒன்றாக உலையில் அடுக்கி, துருத்தி ஊதிப் பல மணி நேரம் சூடேற்றுவார்கள். சுத்த இரும்பு 1538 டிகிரியில்தான் உருகும். கார்பன் ஏற ஏற அது இறங்கும், 1.5 சதவீதம் ஏறினால் 1420 டிகிரி அளவிலேயே முழுக்கத் திரவமாகிவிடும். கரியுலையில் எட்டக்கூடிய சூடு அது. உருகிய பிறகுதான் கசடு மேலே மிதந்து பிரியும். தேனிரும்பில் அது நார்நாராக உள்ளேயே கிடக்கும். ஆறவிட்டு மூசையை உடைத்ததும் கட்டியின் தலையைப் பார்ப்பார்கள். நடுவிலிருந்து கதிர்போல வரிகள் ஓடினால் சரியாக உருகியிருக்கிறது. குழிகுழியாக இருந்தால் பாதியில் நின்றுவிட்டது. இன்று நாம் செய்யும் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு இது ஒரு மாற்றுக் குறையாது.

பழைய தென்னாற்காட்டு மேல்சிறுவளூரில் இந்த மூசைகளின் உடைசல்கள் கிடைத்திருக்கின்றன. தெலங்கானாவின் கோனசமுத்திரத்துக்குப் பாரசீக வணிகர்கள் வந்து கட்டிகளைப் பொறுக்கி வாங்கிப் போனார்கள். பெருமைப்பட இது போதும். ஆனால் துர்க்மெனிஸ்தானின் மெர்வ் நகரிலும் மூசை உருக்கு எடுத்த உலைகள் தோண்டி எடுக்கப்பட்டுள்ளன. அதனால் "வேறு யாருக்கும் தெரியாது" என்ற வாக்கியத்தை நாம் விட்டுவிட வேண்டும். 1740களில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டுப் பக்கத்தில் கடிகாரக்காரர் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஸ்பிரிங்குக்காக மூசையில் எஃகு உருக்கியபோது, கார்பன் ஏற்கெனவே ஏறிய பிளிஸ்டர் எஃகைத்தான் போட்டார். நம்மவர்கள் கார்பன் ஏற்றுவதையும் உருக்குவதையும் ஒரே மூசையில் முடித்தார்கள். வித்தியாசம் அங்கேதான்.

நம் கட்டிகள் ஐரோப்பாவுக்குப் போனபோது அங்குள்ள கொல்லர்கள் பலரால் அவற்றை அடிக்க முடியவில்லை. பழக்கப்படி வெள்ளைச் சூட்டுக்கு ஏற்றி அடித்தார்கள், உதிர்ந்துபோனது. காரணத்தை மைக்ராஸ்கோப்பில் கண்ணாலேயே பார்க்கலாம். 1.4 சதவீதக் கார்பன் உள்ள துண்டை பாலிஷ் செய்து, 2 சத நைட்டாலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) ஐந்து பத்து விநாடி வைத்தால், கருத்த பெர்லைட்டைச் சுற்றி வெள்ளை வலை தெரியும். அது சிமென்டைட், இரும்பும் கார்பனும் சேர்ந்த, எளிதில் நொறுங்கும் சேர்மம். பெர்லைட் என்பது சிமென்டைட்டும் ஃபெரைட்டும் (ஏறத்தாழ சுத்த இரும்பு) அடுக்கடுக்காகக் கலந்தது. புதிதாக வருகிறவர்கள் அந்த வலையை ஃபெரைட் என்று எழுதிவிடுவார்கள், ஏனென்றால் நைட்டாலில் இரண்டுமே வெள்ளை. சந்தேகம் வந்தால் காரம் சேர்த்த சோடியம் பிக்ரேட்டில் கொதிக்க வைக்க வேண்டும். சிமென்டைட் கருக்கும், ஃபெரைட் அப்படியே இருக்கும். (பிக்ரேட்டைக் காயவிடக் கூடாது, வெடிக்கும்.) இவ்வளவு கார்பன் உள்ள எஃகை வெள்ளைச் சூட்டுக்கு ஏற்றினால் உலோகத்தின் நுண்மணிகளின் விளிம்பு உருகத் தொடங்கிவிடும், சுத்தியல் பட்டால் உதிரத்தான் செய்யும். செர்ரிச் சிவப்பிலேயே வைத்து, அவசரமில்லாமல் அடித்து அடித்து வந்தால் வலை உடைந்து பொடி மணிகளாகி வரிசை கட்டி நிற்கும். டமாஸ்கஸ் வாளில் தெரியும் அலை அதுதான். கட்டி இங்கே, வாள் மேற்காசியாவில். வாளின் பெருமையில் பாதி அந்தக் கொல்லருடையது.

டன் கணக்கில் எஃகு எடுக்க வழி காட்டிய இங்கிலாந்தின் ஹென்றி பெஸ்ஸிமர் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது பாஸ்பரஸ். 1856 ஆகஸ்டில் செல்டன்ஹாமில் அவர் தன் முறையை அறிவித்தார்: உருகிய வார்ப்பிரும்புக்குள் காற்றை ஊதினால் கார்பன் எரிந்துபோகும், வேறு எரிபொருளே வேண்டாம். லைசென்ஸ் வாங்கியவர்கள் ஊதிப் பார்த்தார்கள், எஃகு நொறுங்கியது. அவர் சோதித்த இரும்பில் பாஸ்பரஸ் குறைவு, அவர்களுடையதில் அதிகம். சிலிக்கா லைனிங்கில் (உலையின் உட்பூச்சில்) பாஸ்பரஸ் கசடுக்குப் போகாது, உலோகத்திலேயே தங்கிவிடும். பாஸ்பரஸ் குறைந்த இரும்பை வைத்து 1858-ல் ஸ்வீடனின் யோரான் யோரான்சன் நல்ல எஃகு எடுத்தார். ஊதும்போது ஏறிய ஆக்சிஜனை அடக்க மாங்கனீசு சேர்க்கச் சொன்னவர் ராபர்ட் மஷட். அமெரிக்காவில் வில்லியம் கெல்லி, தான்தான் முதலில் ஊதியதாகச் சொல்லி 1857-ல் பேட்டன்ட் பெற்றார். பாஸ்பரஸை வெளியேற்றியது போலீஸ் கோர்ட்டில் கிளார்க்காக இருந்த சிட்னி கில்கிறிஸ்ட் தாமஸ். 1870களின் இறுதியில், உறவினர் பெர்சி கில்கிறிஸ்ட்டோடு டோலமைட் லைனிங்கும் சுண்ணாம்பும் வைத்து. அதில் அதிக லாபம் அடைந்தது பாஸ்பரஸ் மிகுந்த இரும்புக் கனிமம் குவிந்து கிடந்த லொரேனும் ஜெர்மனியும். கண்டுபிடிப்பு ஒரு நாட்டில், அறுவடை வேறு நாட்டில்.

டெல்லி இரும்புத் தூணைப் பற்றிப் பேசுகிறவர்களும் பாஸ்பரஸை மனதில் வைக்க வேண்டும். ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக அரிக்காமல் நிற்பதற்கு, அதில் உள்ள 0.25 சதவீதம் அளவிலான பாஸ்பரஸ் ஒரு பெரிய காரணம். அது மேலே ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. சுண்ணாம்பு போடாமல் இரும்பு எடுத்ததால் பாஸ்பரஸ் உள்ளே தங்கியது. துருவைத் தடுக்கத் திட்டமிட்டுச் சேர்த்தார்கள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. 6 டன்னுக்கு மேல் எடையுள்ள பொருளை, இரும்புக் கட்டிகளைச் சூட்டில் அடித்து ஒட்டியே உருவாக்கினார்களே, கொண்டாட வேண்டியது அந்தக் கைகளை. இயந்திரம் இல்லாமல் அவ்வளவு எடையைச் சூட்டோடு வைத்துத் திருப்புவது இன்றைக்கும் கடினம்.

நம் மண்ணோடு சேர்ந்த இன்னொரு பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்டு, பரங்கிப்பேட்டையில் சேலத்துக் கனிமத்தை வைத்து இரும்பாலை தொடங்கினார். ஷெஃபீல்டு மூசை எஃகில் மாங்கனீசு கார்பைடு சேர்க்கும் முறைக்கு 1839-ல் பேட்டன்ட் எடுத்தார். அங்குள்ளவர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டார்கள். கார்பைடு உள்ளேயே உண்டாகிவிடும், ராயல்டி கொடுக்க வேண்டியதில்லை என்பது அவர்கள் வாதம். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1851-ல் அவர் இறந்த பிறகு தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. இவரை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? ஒரு டன் ஹீட்டில் (ஒரு தடவை உருக்கும் உலோகம்) மாங்கனீசை 0.20 சதவீதம் ஏற்ற, 70 சத பெரோ மாங்கனீசு (இரும்பும் மாங்கனீசும் கலந்தது) 3.2 கிலோ அளவுக்குப் போடுகிறோம், பத்து சதவீதம் எரிந்துபோகும் என்று கணக்கிட்டு. சார்ஜ் ஷீட்டில் (உலையில் போடும் பொருள்களின் பட்டியல்) அந்த வரியை எழுதும்போதாவது அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.