கிபிரும் ஒரு பௌதிகவியல் வகுப்பும்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, ஜெற் எஞ்சினின் உதைப்பை விளக்கும் நாளில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "சேர், கிபிரும் இப்பிடித்தானோ?" கிபிர் என்பது போர்க்காலத்தில் இலங்கை விமானப்படை பறக்கவிட்ட இஸ்ரேலியப் போர் விமானம். போரைக் கண்டிராத பிள்ளைகள், அந்தப் பெயரை வீட்டுப் பேச்சில் கேட்டு வளர்ந்தவர்கள். கேள்வியைத் தட்டிக்கழிப்பதைவிட அதையே பாடமாக்குவது மேல் என்று முடிவு செய்துவிட்டேன்.

கிபிரின் வரலாறு ஒரு தடையுடன் தொடங்குகிறது. இஸ்ரேல் 50 மிராஜ் 5 போர் விமானங்களைப் பிரான்சிடம் கேட்டிருந்த வேளையில், 1967 அரபு-இஸ்ரேல் போரையொட்டிப் பிரான்சின் டி கோல் அரசு ஆயுத விற்பனையை நிறுத்தியது. மிராஜின் அற்றார் எஞ்சின் வரைபடங்களைச் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஒருவர் இஸ்ரேலுக்குக் கடத்திக் கொடுத்து, 1971இல் தண்டனையும் பெற்றார். ஆயினும் மிராஜைத் தழுவி இஸ்ரேல் தானே செய்த கிபிருக்குள் பொருத்தப்பட்டது அற்றார் அன்று. பன்ரம் என்ற அமெரிக்கப் போர் விமானத்தில் இருந்த ஜே79 எஞ்சின்.

வகுப்பில் நான் அதிகம் மினக்கெடுவது இந்த மாற்றத்தில்தான். பின்னெரிப்பானுடன் (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உதைப்பைக் கூட்டும் பகுதி) அற்றாரின் உதைப்பு சுமார் 60 கிலோநியூற்றன். ஜே79 தந்தது ஏறத்தாழ 79. கூடிய உதைப்புக்குக் கூடிய காற்று வேண்டும் என்பதால் உள்ளிழுக்கும் வாய்கள் அகலமாயின. எஞ்சின் கூடுதலாகக் கொதித்ததால் அதைச் சுற்றித் தைற்றேனியக் கவசம் இட்டு, வாற்செட்டையின் அடியில் குளிர்காற்றுக்கென ஒரு துவாரமும் வைத்தார்கள். 1973இல் முதலில் பறந்த கிபிர், 1975இல் உலகுக்குக் காட்டப்பட்டது. டெல்ரா எனப்படும் முக்கோண இறக்கை கூர்மையாகத் திரும்பும்போது வேகத்தை இழக்கும் என்பதால், பின்வந்த சி2 வகையில் காற்றுவாய்களை ஒட்டிச் சிறு முன்னிறக்கைகள் சேர்க்கப்பட்டன.

எஞ்சின் அமெரிக்காவினுடையது என்பதால் விற்பதற்கும் அமெரிக்கா தலையாட்ட வேண்டியிருந்தது. எக்குவடோருக்கான விற்பனையை 1977இல் அமெரிக்க ஜனாதிபதி காட்டரின் அரசு மறித்தது. அதே அமெரிக்காவின் கடற்படை, பயிற்சியில் எதிரி விமானமாகப் பறக்கவிட 1985இல் கிபிரை வாடகைக்கு எடுத்தது வேடிக்கைதான்.

இலங்கைக்கு அது வந்தது 1996இல். இங்கிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்த குடும்பங்களே அதன் இரைச்சலை நன்கறிந்தவை. "சத்தம் கேட்டுப் பங்கருக்குள் இறங்க நேரம் இருக்கேல்லையாம், அம்மா சொல்லுறவ" என்று ஒரு மாணவி சொன்னபோது, அதைக் கரும்பலகையில் கணக்காகச் செய்து பார்த்தோம். விமானம் செக்கனுக்கு 300 மீற்றர் வேகத்தில் நேரே வருகிறது. நம் வெப்பநிலையில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 350 மீற்றர். மூன்றரைக் கிலோமீற்றர் தூரத்தில் எழுந்த ஒலி நம் காதை அடையப் பத்துச் செக்கன் எடுக்கும். அதற்குள் விமானம் மூன்று கிலோமீற்றர் வந்துவிடும். எஞ்சியிருப்பது 500 மீற்றர், இரண்டு செக்கனும் இல்லை. தாயார் சொன்னதில் மிகை எதுவும் இல்லை என்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுகொண்டார்கள்.

சிறுவயதை வன்னியில் கழித்த சக ஆசிரியை ஒருவர், "மறக்கப் பாக்கிறதை ஏன் சேர் கிளறுறியள்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. என்றாலும் நான் கணக்கைக் கைவிடவில்லை. கிபிரின் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டும்படி மாணவர் கேட்பதற்கு மட்டும் இணங்குவதில்லை. பக்கத்து வகுப்பில் பாடம் எடுப்பவர் அவர்தான், இடையில் இருப்பதோ அரைச்சுவர்.