பக்காசுரன் கோட்டையும் கல்வட்டங்களும்: நீலகிரியில் ஒரு மழைநாள்

கூடலூரும் அவலாஞ்சியும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்து முடித்த பிறகுதான், கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஐப்பசியில் பெருமழை வருகிறது. அப்படியொரு மழைநாளில், உள்ளூர்ப் படுக நண்பர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கோட்டையையும், பழங்காலத்தில் இறந்தோருக்காகக் கற்களை வட்டமாக வைத்து அமைத்த ஈமச்சின்னங்களான கல்வட்டங்களையும் பார்க்கச் சென்றேன்.

குன்னூருக்கு அருகே, ஆங்கிலேயர் காலத்திலிருந்து துரூக் என்றும் மக்கள் வாயில் பக்காசுரன் கோட்டை என்றும் வழங்கும் ஹுலிக்கல் துர்க்கத்துக்குத் தேயிலைத் தோட்டங்கள் வழியாக நடந்தோம். திப்பு சுல்தான் காலத்தில் காவலரணாக இருந்ததாகச் சொல்லப்படும் அந்த இடத்தில் இன்று எஞ்சியிருப்பது சிதைந்த சுவர்தான். வானம் தெளிந்திருந்தால் மேட்டுப்பாளையம் சமவெளி காலடியில் விரியும். அன்று மூடுபனியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அங்கே அதிக நேரம் நிற்காமல் கோத்தகிரிப் பக்கம் திரும்பினோம்.

கல்வட்டங்கள் இருக்கும் குன்றின் பெயரை நான் வேண்டுமென்றே எழுதவில்லை. புதையல் இருக்கிறது என்று நம்பித் தோண்டுபவர்களுக்கு வழிகாட்ட எனக்கு மனமில்லை. காலில் ஏறும் அட்டைகளுக்காகப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு புல்மேட்டின் உச்சியை அடைந்தபோது, மழையில் கறுத்திருந்த கற்கள் பசும்புல்லுக்கு நடுவே வளைகோடாகத் துலங்கின. வெயில் நாளில் இவற்றைப் பார்க்காமலே கடந்துவிடலாம் என்று நண்பர் சொன்னது உண்மைதான். சில வட்டங்கள் வெறும் கல் வரிசைகள். ஒன்று மட்டும் சாந்து இல்லாமல் அடுக்கிய சுவரோடு, கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் போல எழும்பி நின்றது. அதன் நடுவே பெரிய பள்ளம்.

இத்தகைய பள்ளங்களுக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்கார அதிகாரிகள் நீலகிரியின் ஈமச்சின்னங்கள் பலவற்றைத் திறந்தனர். மாவட்டத்தின் ஆணையராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் அவற்றை முறையாகப் பதிவு செய்தார். அவர் 1872இல் இறந்துவிட, அவருடைய நூல் 1873இல் வெளிவந்தது. எருமை முதலிய உருவங்கள் அமர்ந்த மூடிகளைக் கொண்ட மண்கலங்கள், வெண்கலக் கிண்ணங்கள், இரும்பு ஆயுதங்கள், பொன் அணிகள் ஆகியவை இக்குழிகளில் கிடைத்தன. அவற்றுள் கணிசமானவை இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மலையுச்சியில் இறந்தோருக்காக வட்டம் அமைத்தவர்கள், இத்தனை நுட்பமான வெண்கலத்தைச் சமவெளியோடு கொண்ட தொடர்பின்மூலமே பெற்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மலைமக்கள் உலகத்திடமிருந்து ஒதுங்கியே வாழ்ந்தார்கள் என்னும் பழைய எண்ணத்தை அந்தக் கிண்ணங்களே மறுக்கின்றன.

பொருள்கள் போய்விட்ட பிறகு கற்களுக்கு மதிப்பில்லை என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கோட்டையைத் தேடி நடைபயணிகள் வருகிறார்கள்; நாங்கள் பார்த்த வட்டங்களுக்கோ ஓர் அறிவிப்புப் பலகைகூட இல்லை. தேயிலைக்காக நிலம் திருத்தும்போதும் வேலிக்குக் கல் தேடும்போதும் முதலில் கலைவது இவைதான். எந்தக் குன்றில் எத்தனை வட்டங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று ஊர்ப் பெரியவர்களின் துணையோடு கணக்கெடுத்து, நில அளவைப் பதிவேட்டிலேயே குறித்துவைக்க வேண்டும். அதுவரை, பார்க்கப் போகிறவர்கள் ஒரு கல்லைக்கூட நகர்த்தாமல் திரும்பி வாருங்கள்.