வியன்னாவில் துண்டு போட்டு இடம் பிடித்த கதை

புடாபெஸ்டிலிருந்து வியன்னாவுக்கு மூன்று மணி நேரம்தானே என்று இருப்பதிலேயே மலிவான பஸ்ஸில் டிக்கெட் போட்டது என் தப்புதான். பதினொரு மணிக்கு வர வேண்டிய வண்டி ஒன்றேகாலுக்கு வந்தது. டிரைவரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார். ஏசி என்று ஒன்று மேலே இருந்தது, சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் பச்சை வெங்காயம் போட்ட சாண்ட்விச்சை வழி நெடுக நிதானமாகச் சாப்பிட்டார். நான் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் பார்த்தேன், ஏனென்றால் அன்று மாலை ஏழு மணிக்கு வியன்னா அரசு ஓபரா அரங்கில், வெர்டி இசையமைத்த 'லா டிராவியாட்டா' என்ற பாட்டு நாடகம். இந்த ஊருக்கு வந்ததே அதற்குத்தான்.

எர்ட்பெர்க் பஸ் நிலையம் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் இருக்கும் ஒரு அழுமூஞ்சி இடம். மூட்டையோடு மெட்ரோ பிடித்து ஓபரா வாசலுக்கு ஓடினேன். நல்ல இருக்கை என்றால் இருநூறு யூரோவைத் தாண்டும், நம்மால் ஆகாது. ஆனால் இந்த ஊரில் ஒரு புண்ணியம் உண்டு: நின்றுகொண்டு பார்க்கவென்றே நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள். ஆட்டம் தொடங்குவதற்கு எண்பது நிமிடம் முன்னால் கவுன்ட்டர் திறக்கிறார்கள், இருபது யூரோவுக்குள் முடிந்துவிடும். ரூபாயில் கணக்குப் போடக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன், வரிசையில் நிற்கும்போதே போட்டேன். வாசலில் பழைய இசைமேதை மொஸார்ட் மாதிரி விக் வைத்துக்கொண்டு வேறு ஏதோ கச்சேரிக்கு டிக்கெட் விற்பவர்கள் சுற்றுகிறார்கள். அவர்களிடம் மாட்டாதீர்கள்.

உள்ளே போனால்தான் வேடிக்கை. அவரவர் இடத்தில் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டு வெளியே போய் உலாத்துகிறார்கள், யாரும் அதைத் தொடுவதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டவுன் பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு எறிந்து வளர்ந்தவனுக்கு இதையா சொல்லித்தர வேண்டும்? பையிலிருந்த ஈரிழைத் துண்டை எடுத்துக் கட்டினேன். பக்கத்தில் பட்டு ஸ்கார்ஃப், நடுவில் என் துண்டு. கடைசி வரிசைதான், ஆனால் மேடை நேர் எதிரே.

சரி, நாடகத்துக்கு வருகிறேன். இது சைமன் ஸ்டோன் இயக்கியது. 2019-இல் பாரிஸில் அரங்கேறி, 2021 மார்ச்சில் கொரோனாவால் பூட்டிய இந்த அரங்கிலிருந்து ஒளிபரப்பாக வியன்னாவுக்கு வந்தது. பழைய கதையில் நாயகி வயலெட்டா பாரிஸ் பணக்காரர்களின் காசில் வாழும் பெண். இங்கே அவள் லட்சக்கணக்கானோர் பின்தொடரும் சோஷியல் மீடியா பிரபலம். சுழலும் பெரிய வெள்ளைச் சுவர்களில் அவள் போன் திரை அப்படியே விரிகிறது. மேடையில் விருந்து, வெடிச்சிரிப்பு, 'குடிப்போம்' என்று கோரஸ் பாட்டு. சுவரிலோ உடம்பு சரியில்லாததைப் பற்றிய மெசேஜ். அவள் பாடிக்கொண்டே அதை மூடிவிட்டு அடுத்த படத்துக்குச் சிரிக்கிறாள். எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துவிட்டது.

அப்புறம் சுவர் திரும்பினால் குப்பைத் தொட்டி, கெபாப் கடை, தங்க முலாம் பூசிய ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. அத்தனை ஜிகினாவோடு அவள் அங்கே வந்து நிற்கும்போது, வெல்வெட் திரையும் மெழுகுவர்த்தியும் வைத்த எந்த மேடையிலும் தெரியாத தனிமை தெரிந்தது.

பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் இடைவேளையில் முகத்தைச் சுளித்து, "கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், பாட்டு அருமை" என்றார். இவ்வளவு தூரம் வெங்காய வாசத்தில் வந்தது கண்ணை மூடிக்கொள்ளவா? வெர்டியே இதைத்தான் கேட்டார் என்று அவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன். 1853-இல் வெனிஸின் லா ஃபெனிச்சே அரங்கில் முதல் ஆட்டம் போட்டபோது, பாத்திரங்கள் அன்றைய உடையிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கதைக்கு மூலமான மரி டுப்ளெஸி 1847-இல், இருபத்து மூன்று வயதில்தான் இறந்திருந்தாள். பார்க்க வந்தவர்களின் காலத்துப் பெண். அரங்கத்தார் ஒத்துக்கொள்ளாமல் கதையை 1700 வாக்கில் தள்ளிவிட்டார்கள். அன்றைய ஆட்டம் தோற்றது வேறு காரணங்களாலும்தான், ஆனால் கவுன் போடுவதுதான் மரபு என்று சண்டை போடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பெரியவர் தலையாட்டினார், புரிந்ததா என்று தெரியவில்லை.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் அங்கத்து விருந்தில் நியான் விளக்கும் கோமாளி உடையும் அளவுக்கு மேல், கண் கூசுகிறது. கம்பியில் இருக்கும் குட்டித் திரையில் வசனம் படிப்பதா, சுவரில் மெசேஜ் படிப்பதா, பாடுபவளைப் பார்ப்பதா? ஆனால் அவள் காதலன் ஆல்ஃப்ரெடோவின் அப்பா வந்து, என் மகள் கல்யாணம் நின்றுவிடும், என் பையனை விட்டுவிடு அம்மா என்று இதமாகப் பேசியே அவளைக் கரைக்கிறாரே, அந்தக் காட்சிக்கு எந்தச் சுவரும் வேண்டாம். அந்த மாதிரிப் பெரியவர்கள் நம் சொந்தத்தில் எத்தனை பேர்! கடைசி அங்கத்தில் காசநோய் இல்லை, புற்றுநோய். மருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஆஸ்பத்திரி. அந்த அப்பா எழுதிய கடிதத்தை அவள் பாடாமல் பேச்சாகவே படித்து முடித்து, 'நேரமாகிவிட்டது' என்று சொல்லும் இடத்தில் என் பக்கத்துப் பெரியவரும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். பார்த்துவிட்டேன்.

மூன்று மணி நேரம் நின்றதில் கால் மரத்துவிட்டது. காலையில் குடித்த காபியைத் தவிர வயிற்றில் எதுவும் இல்லை. ஆல்பெர்டினா அருங்காட்சியகத்துக்கு எதிரே ஒரு சாசேஜ் கடை இருக்கிறது, ஓபராவின் பின்கட்டு மாதிரி அவ்வளவு பக்கம். கேஸக்ரைனர் என்று கேளுங்கள்: உள்ளே உருகிய சீஸ், தோல் மொறுமொறு, கூடவே ரொட்டி. முதல் கடியிலேயே சட்டையில் பீய்ச்சி அடிக்கும், குனிந்து சாப்பிடவும். காலையில் அந்தக் காபி குடித்த கஃபேயில் காசு கேட்காமல் கொண்டுவந்து வைத்த தண்ணீருக்கு பில் போட்டவர்கள் மேல் இருந்த கோபம்கூடக் கரைந்துபோனது. தங்குமிடம், டிராம் பாஸ் எல்லாம் அடுத்த பதிவில் பார்க்கலாம்.

எனக்குப் பக்கத்தில் தரை வரை தொங்கும் கறுப்பு கவுனில் ஒரு அம்மா, கையில் காகிதத் தட்டு, தனியாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, கடுகு இனிப்பா காரமா என்றார்.